அய்யா மன்னித்த சித்தப்பா

அய்யாவுக்கு மைக் பிடிக்கத் தெரியாது. எங்கள் சபையில் மூப்பராக இருந்தும் அவர் முன்னால் போய் நின்று பேசியவர் இல்லை. ஆராதனை தொடங்கும் முன் பாய் விரிப்பதும், முடிந்ததும் சுருட்டி மூலையில் சாய்த்து வைப்பதும்தான் அவராக எடுத்துக்கொண்ட ஊழியம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து போய், பால் நிறைந்த செம்பை ஏந்துவதுபோல இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என் தம்பிய நான் மன்னிச்சுட்டேன். என் மனசுல அவன் மேல ஒண்ணுமில்ல" என்றார். அவ்வளவுதான். பிறகு இறங்கி, ஆண்கள் பக்கத்தில் கடைசிச் சுவரோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த சித்தப்பாவைத் தோளைப் பிடித்துத் தூக்கி, கட்டிக்கொண்டார். சபையே அழுதது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். அம்மா மட்டும் எழுந்து, வாசலில் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

உச்சிப்புளியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. நெல்லும் மிளகாயும்தான் வெள்ளாமை. ஊரில் பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். நாங்கள் ஏழெட்டு வீட்டார் மட்டும் கிறிஸ்தவர்கள், எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம். அய்யாவும் சித்தப்பாவும் உடன்பிறந்தவர்கள். இரண்டு பேர் வயலுக்கும் ஒரே வரப்பு. சபையில் அய்யா பாய் விரித்தால் சித்தப்பா டோலக் அடிப்பார். என் தம்பி பாடுவான். அவனுக்கு நல்ல குரல். காரைக்குடியில் படித்துக்கொண்டிருந்தான், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தால் கேரல் போகும் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

அந்த வருஷம் காட்டுப்பன்றிகள் கதிர் பிடித்த நெல்லைக் கிளறிப் பாழாக்கிக்கொண்டிருந்தன. சித்தப்பா மோட்டார் ரூமிலிருந்து மின்சாரம் இழுத்து, தன் வயலைச் சுற்றிக் கட்டியிருந்த கம்பியில் விட்டிருந்தார். அது சட்டப்படி குற்றம் என்பது அவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். விடியும் முன் போய் நிறுத்திவிடுவார், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவு கேரல் பாடப் போய்விட்டு வந்த அன்று அவர் அசந்து தூங்கிவிட்டார். அவருடைய டோலக்குக்குப் பாடிய என் தம்பி அவருக்கு முன்னால் எழுந்து, எங்கள் வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கப் போனான். பனி மூட்டம். வரப்பு ஈரம். கம்பியோரம் உயிரில்லாமல் கிடந்த அவனைக் கண்டுபிடித்தவரும் சித்தப்பாதான்.

சித்தப்பாவைக் கைது செய்தார்கள். சில மாதம் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். வந்த பிறகும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. போதகர் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்தார். சபை இரண்டாகப் பிரிந்துவிடும் என்று பயந்தார். அது நியாயமான பயம்தான். அய்யாவை உட்காரவைத்து ஜெபித்தார். கிறிஸ்தவனின் மனம் எப்படி இருக்கவேண்டும் என்று பொறுமையாகப் பேசினார். அய்யா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதன் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சித்தப்பாவைச் சபைக்கு அழைத்து வந்ததும் போதகர்தான்.

அன்று நாங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மா அய்யாவிடம் எதுவும் கேட்கவில்லை. என்னிடம்தான் சொன்னாள்: "ஒங்க அய்யா அத்தன பேருக்கு முன்னாடி மன்னிப்பத் தூக்கிக் குடுத்துட்டு வந்துட்டாரு. செத்தவன் எனக்கும் புள்ளதான? என்னைய ஒரு வார்த்த கேக்கல." அதற்குப் பிறகு அவள் சபைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றத்தில் சாக்கை விரித்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பாள். எங்கள் பாட்டுச் சத்தம் அங்கே கேட்கும்.

நான் அப்போது இராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது அய்யாவும் கூடவே வருவார். சித்தப்பா வீட்டு வாசலில் நின்று, "எந்திரிச்சிட்டியா தம்பி" என்று குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து, "எந்திரிச்சிட்டேண்ணே" என்று பதில் வரும். பிறகு வயலுக்குப் போவார். மழையானாலும் காய்ச்சலானாலும் இது தவறியதில்லை. பார்த்தவர்கள், மனுசன்னா இவருல்ல என்றார்கள். இந்து வீட்டுப் பெரியவர்கள்கூடத் தங்கள் பிள்ளைகளிடம் அய்யாவைக் காட்டிச் சொன்னார்கள். பக்கத்து ஊர்ச் சபைகளில் கூட்டம் நடந்தால் போதகர் அவரைச் சாட்சி சொல்லக் கூட்டிக்கொண்டு போனார். எங்கேயும் அதே இரண்டு வாக்கியம்தான் சொல்வார். ஜனங்கள் அழுவார்கள். அவர் கூச்சத்தோடு வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவார்.

அந்த வாசலில் நிற்பதற்கு முன் அவர் என்ன செய்வார் என்பது கூட நடந்த எனக்குத்தான் தெரியும். தெருமுனை வந்ததும் நடை தளரும். வேப்பமரத்தடியில் ஒரு நிமிஷம் நின்று மூச்சை இழுத்து விடுவார். உதடு அசையும். ஜெபம்தான். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு நடப்பார். ஆரம்பத்தில் நான் அதைப் பழக்கம் என்று நினைத்தேன். பழகினால் எளிதாகவேண்டுமே. வருஷம் ஆக ஆக அந்த மரத்தடியில் அவர் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. வீட்டு ஜெபத்தில் நாங்கள் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, மற்றவரை நாங்கள் மன்னிக்கிறோம் என்று வரும் வரியில் அவர் குரல் மட்டும் நின்றுபோகும். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வார்.

சித்தப்பா மகனுக்குக் கல்யாணம் வந்தது. என் தம்பியைவிட ஒரு வயது இளையவன். சித்தப்பா வந்து அய்யா காலடியில் உட்கார்ந்து, "அண்ணே, நீங்கதான் தலையில கை வச்சு ஜெபம் பண்ணணும்" என்றார். அவர் கேட்டதில் கள்ளமில்லை. அண்ணன் மன்னித்துவிட்டார் என்று முழுதாக நம்பியவரின் கேள்வி அது. அய்யா சரி என்றார். மேடையில் மாப்பிள்ளையின் தலையில் கை வைத்து, பிள்ளைகள் பெருகும்படி, நீண்ட ஆயுசு கிடைக்கும்படி, ஒரு வார்த்தை பிசகாமல் ஜெபித்தார். வீட்டுக்கு வந்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். வாயைக் கொப்பளித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் ஜெபம் பண்ணல தாயி. பாடம் ஒப்பிச்சேன். அவன் தலையத் தொட்டப்ப என் கையி என் புள்ள தலையத்தான் தேடுச்சு" என்றார்.

அடுத்த திருவிருந்து ஞாயிற்றில் தட்டு வந்தபோது அவர் அப்பத்தை எடுக்காமல் பக்கத்திலிருந்தவருக்குத் தள்ளிவிட்டார். மனதில் பகையோடு அதைத் தொடக்கூடாது என்பார்கள். அதற்கடுத்த மாதமும் அப்படியே. போதகர் வீட்டுக்கு வந்தார்.

"மன்னிப்புங்கிறது உணர்ச்சி இல்லய்யா, தீர்மானம். நீங்க தீர்மானம் எடுத்துட்டீங்க. மனசு பின்னால வந்துரும்" என்றார் போதகர்.

"தீர்மானம் எடுத்தேன்ங்கய்யா. தெனமும் காலையில எடுக்கிறேன். பொழுது சாயிறதுக்குள்ள அது செத்துப் போகுது. மறுநாளு மறுபடி எடுக்கிறேன். மனசு வரல."

"கர்த்தர் உங்க முயற்சியப் பாக்குறாரு."

"பாக்குறாருல்ல? அப்ப இத்தன வருசம் கேட்டத ஏன் குடுக்கல? நான் பொன்னா கேட்டேன்? என் தம்பிய வெறுக்காம இருக்கணும்னுதான கேட்டேன்."

போதகர் நல்ல மனிதர். ஜெபித்துவிட்டுப் போனார். அய்யாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவது அதோடு நின்றது. சபையில் சிலர், முதலில் ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் வந்தது. அவர் கோபப்படவில்லை. "சரியாத்தான் சொல்றாக" என்றார்.

அய்யாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனபோது நான் வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டேன். அம்மாவுக்கு மூட்டு வலி, அவரைப் புரட்டிப் போட முடியாது. சித்தப்பா வந்தார். யாரும் கூப்பிடவில்லை. காலையும் மாலையும் வந்து அய்யாவை அள்ளித் தூக்கி நாற்காலியில் வைப்பார், குளிப்பாட்டுவார், முகம் மழிப்பார், மலஜலம் அள்ளுவார். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அவர் உள்ளே வரும்போது அம்மா எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவாள். "வாரேன் மதினி" என்று சொல்லிவிட்டுத்தான் சித்தப்பா கிளம்புவார். அம்மாவிடமிருந்து பதில் வராது.

தூக்கும்போதெல்லாம் அய்யாவின் நல்ல கை போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கண்ணை மூடிக்கொள்வார். வலி என்று நினைத்து நான் டாக்டரிடம்கூடக் கேட்டேன். ஒருநாள் சித்தப்பா போன பிறகு, குழறும் நாக்கோடு அவரே சொன்னார்: "அவன் தொட்டா ஒடம்பெல்லாம் கூசுது தாயி. நல்லவன்தான் அவன். அதான் தாங்க முடியல. கெட்டவனா இருந்திருந்தா நான் பொழச்சிருப்பேன்."

பிறகு கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். "இந்த மனசோட போனா என்னைய உள்ள விடுவாரா?" என்று கேட்டார். நான் ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவள். மற்றவர் யாராவது கேட்டிருந்தால் கிருபையைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருப்பேன். ஈரத்துணியால் அவர் வாயோரம் துடைத்தேன். மாதக் கடைசியில் அவர் இறந்தார். கடைசி நாட்களில் அவர் ஜெபிக்கவில்லை. நான் ஜெபித்தபோதும் ஆமென் சொல்லவில்லை. தூக்கத்திலேயே போனார், முகத்தில் சமாதானம் இருந்தது என்று வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. களைப்புதான் தெரிந்தது.

அடக்கம் முடிந்து, ஆறுதல் ஜெபத்துக்கு வந்தவர்களும் கலைந்த ஒரு சாயங்காலம், சித்தப்பா முற்றத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அண்ணன் கடைசியில என்னப்பத்தி எதுவும் சொன்னாராத்தா?"

பொய் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வார்த்தை போதும், அந்த மனிதர் மிச்ச நாளைத் தள்ளிவிடுவார். ஆனால் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அதைச் சுமந்தே ஒருவர் செத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன்.

"ரொம்ப ஆசப்பட்டாரு சித்தப்பா. தெனமும் கேட்டு ஜெபம் பண்ணாரு. அவரால முடியல."

அவர் அதிரவில்லை. மெல்லத் தலையாட்டினார்.

"தெரியும்த்தா. தூக்கும்போதெல்லாம் தெரியும். அண்ணன் ஒடம்பு கட்டையா வெறச்சுப் போகும். நம்மள தொட விடாம ஒதறிருவாரோன்னு பயந்துக்கிட்டே தூக்குவேன்." தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "ஆனாலும் தூக்க விட்டாரே."

தோள்துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். கையை நீட்டி அவர் முதுகில் வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர, கை எழவில்லை. என் தம்பியின் குரல் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. அவரை அழவிட்டு, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நான் இராமநாதபுரத்தில் குடியிருக்கிறேன். சனிக்கிழமை ஊருக்கு வந்து அம்மாவோடு இருந்துவிட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்புவேன். போதகர் மாறிவிட்டார். புதிதாக வந்தவர், அய்யாவைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, பெண்கள் கூட்டத்தில் அவருடைய மன்னிப்பைப் பற்றி என்னைப் பேசச் சொல்கிறார். அன்றாடம் நல்ல மனதோடு வாழ்வது எப்படி என்பதுதான் தலைப்பாம். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வருகிறேன். அன்றாடம் முயன்ற ஒரு மனிதர் அது கிடைக்காமலே போனார் என்பதைத் தவிர என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. அதைக் கேட்க யாரும் வருவதில்லை.

ஆராதனை முடிந்ததும் சித்தப்பா எங்கள் வாசலுக்கு வருவார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். படியேற மாட்டார். நான் கொடுக்கும் காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, உள்ளே பார்த்து, "வாரேன் மதினி" என்பார். தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். உள்ளே அம்மா மிளகாய்க் காம்பு கிள்ளும் சத்தம் நின்றுபோகும். அவர் தெருவில் இறங்கி நடந்த பிறகு மறுபடி கேட்கும்.