வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து

லிஸ்பன் நகரத்தை நடந்தே சுற்றிக்காட்டும் பயணம் ஒன்றுக்குப் பாரிஸில் இருக்கும் மகன் இரண்டு பேரைப் பதிந்திருந்தான், என்னையும் தன் அப்பாவையும். எங்கள் மன்னார்க் கோட்டையைக் கட்டிய போர்த்துக்கேயரின் ஊரை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அப்பா ஆசைப்பட்ட இடமெல்லே, நீங்களாவது போயிட்டு வாங்கோ அம்மா" என்றான் மகன். அங்கே மலை உச்சியில் இருக்கும் மாதா கோயிலில் அவருக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துவதென்று நானும் கிளம்பினேன்.

மஞ்சள் குடையோடு நின்ற வழிகாட்டிப் பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, மற்றவர் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். செத்துப்போனார் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னும் வரவில்லை என்றேன். பாவம், அந்தப் பிள்ளை ஐந்து நிமிடம் அவருக்காகக் காத்து நின்றது.

பிறகு ஒரே ஏற்றம். மன்னார்த் தீவில் ஏறுவதென்றால் கோட்டை மதில்தான். இங்கே கடைக்குப் போகவும் படி, கோயிலுக்குப் போகவும் படி. எல்லோரும் சோடி சோடியாகப் படமெடுத்துக்கொண்டு போக, நான் கடைசியில் மூச்சு வாங்கினேன். அவர் இருந்திருந்தால் "கெதியா வாரும்" என்று விரட்டியிருப்பார், நானும் நன்றாக ஏசியிருப்பேன். ஏச ஆளில்லாமல் நடப்பது இவ்வளவு களைப்பு என்று எனக்குத் தெரியாது.

கோயிலுக்குப் பத்து நிமிடம் தந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். அந்த ஊரில் யாரும் கழற்றுவதில்லையென்று எனக்கு எப்படித் தெரியும்? குளிர்ந்த கல்லில் காலுறையோடு நடந்தேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும். திரியைக் கொளுத்தி, "இஞ்சாருங்கோ, மேல வந்திட்டம்" என்றேன்.

வெளியே வந்ததும் கண் தானாகத் தேடியது. ஊரில் திருநாளென்றால் கோயில் வாசலில் செருப்புக் குவியல். என் செருப்புத் தொலையாமலிருக்க, தன் பெரிய செருப்பை அதன்மேல் வைப்பார். பெரிசைக் கண்டால் சின்னதும் கிடைக்குமாம். உங்கள் மண்ணெல்லாம் என் செருப்பில் என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்திருக்கிறேன். இங்கே அந்த அகன்ற வாசலில் என் சப்பாத்து மட்டும் கிடந்தது, தேடவே தேவையில்லாமல். படியில் குந்தி அழுதேன்.

குழு எப்போதோ இறங்கிப் போயிருந்தது. என்னைக் காணவில்லையென்று திரும்பி ஓடிவந்த அந்தப் பெண், மற்றவர் வந்துவிட்டாரா, அவருக்காகத்தான் இருக்கிறீர்களா என்று கேட்டாள்.

"அவர் இனி வரமாட்டார் பிள்ளை" என்று தமிழில்தான் வந்தது. அவளுக்கு விளங்க வேண்டுமே என்று ஆங்கிலத்தில் இன்னொருதரம் சொன்னேன்.