மாப்பிள்ளையின் பிரவுசர்

காலையில் கம்ப்யூட்டரில் தன்னுடைய பிரவுசரை அமுக்கிவிட்டுத்தான் என் மாப்பிள்ளை பல் தேய்க்கப் போவார். முகம் துடைத்துக்கொண்டு வரும்போதும் அது பாதிதான் திறந்திருக்கும். "வந்துடும் அத்தை, எல்லாத்தையும் ஒழுங்கா எடுத்து வைக்குது" என்பார். பிரசவத்துக்குக்கூட நான் இவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

அதைச் செய்த கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். ஒரு காலத்தில் எல்லார் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதுதானாம். பிறகு போட்டிக்காரன் தன்னுடையதைப் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்துச் சும்மா கொடுத்தான். இவர்களோ எழுதியதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத உட்கார்ந்தார்கள். மூன்று வருடம். கூட்டத்தில் அதற்கு முதலில் கை தூக்கியது நம்ம ஆள்தான்.

"பழசு ஒரே குப்பை அத்தை. ஒண்ணைத் தொட்டா ஒம்பது உடையும்."

"வீட்டை இடிச்சுட்டு மூணு வருஷம் கட்டினா, குடியிருந்தவன் தெருவுலயா நிப்பான்? அடுத்த வீட்டுக்குப் போயிட்டான்."

"புதுசு நல்லா இருக்குல்ல?"

"இருக்கு. அதுல யாரு இருக்கா?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். இன்னும் அதை வைத்திருக்கும் யாரோ ஒருவர் குறை சொல்லி எழுதினால் போதும், சம்பந்தி வீட்டுக்கு எழுதுகிற மாதிரிப் பணிவாக இரண்டு பக்கம் பதில் போடுவார். போட்டிக்காரனுடையதை மட்டும், கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்றே துடைத்து எடுத்துவிட்டார்.

கம்பெனியை மூடி ஏழு மாதமாகிறது. என் மகள் நர்ஸ் வேலைக்கு மனுப் போட நேற்று சாயங்காலம் ஐந்து மணிதான் கெடு. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வாங்குவார்களாம். இவருடைய பிரவுசரில் திறந்தால், எழுதுகிற கட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தன. அனுப்புகிற பட்டனைக் காணோம். போட்டிக்காரனுடையதற்கு ஏற்ற மாதிரியேதான் இப்போது எல்லாரும் பக்கம் செய்கிறார்களாம்.

"இரு, இதுக்கு ஒரு வழி பண்றேன்" என்று மூன்று மணிக்கு உட்கார்ந்தார்.

"என்னங்க, நாலேகால் ஆச்சு." சர்டிபிகேட்டுகளை மார்போடு அணைத்தபடி நின்றாள் மகள்.

"மாப்பிள்ளை, போறது அவ பொழப்பு" என்றேன்.

தன் பிரவுசரிலேயே போட்டிக்காரனின் பக்கத்தைத் தேடித் திறந்து, அவனுடையதை இறக்கினார். இறங்கியதும் அது ஏதோ கேட்டது. மகள் தயங்கித் தயங்கிப் படித்தாள்: "இனிமே எப்பவும் இதையே திறக்கவான்னு கேக்குதுங்க."

சரி என்று அமுக்கினார். எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.