வாத்து சோப்பும் எட்டு நாள் கூலியும்

வாத்துக்காரர் ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு சோப்பின் விலையும் எட்டு நாள் கூலியும் கடன்பட்டிருந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் யாருக்கும் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

அவள் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில் பாத்திரம் தேய்ப்பவள். அவர் சோப்புக்காரர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஒரு தகரக் கொட்டகையும் ஓர் அண்டாவுமாகத் தொழிலில் இறங்கி, ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு வந்தவர். கட்டியின் மேல் வாத்துப் படம் பதித்ததால் சோப்புக்கும் அவருக்கும் அதுவே பெயராயிற்று. எண்ணெயும் சோடாக்காரமும் கலந்து, அச்சில் ஊற்றி, வெட்டி, பலகையில் ஒரு மாதம் ஆறவைப்பார். காரம் அடங்கிவிட்டதா என்று பார்க்க, கட்டியை நுனிநாக்கில் வைப்பார். சுரீரென்றால் இன்னும் ஆகவில்லை. படித்தவர்கள் கண்ணாடிக் குழாயை வைத்துக்கொண்டு அரைநாள் பார்ப்பதை அவர் நாக்கு அரை நொடியில் சொல்லிவிடும்.

அந்த நாக்கை அவர் ஒரே ஒரு முறை கேட்காமல் விட்டார். பெரிய கடைக்காரர் ஒருவர் ஆயிரம் கட்டி வேண்டுமென்று கொட்டகைக்கே வந்திருந்தார். சரக்கை ஆறவைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வந்தவர் முன்னால் சோப்பை நக்கிக் காட்டினால் கௌரவம் என்ன ஆவது? விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

"சத்தத்துலயே தெரியுதுங்க. கல்லு மாதிரி இருக்கு. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் கொட்டகைக்கு வந்தாள். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது.

"உங்க வாத்து என் கையைக் கொத்திடுச்சுண்ணே" என்று துணியை அவிழ்த்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்து கிடந்தது. "என் காசுல வாங்குன பன்னெண்டு கட்டியும் வீண். எட்டு நாளா வேலைக்குப் போகல, நாளைக்குப் போயே ஆகணும்."

அவர் மிச்சமிருந்த கட்டி ஒன்றை எடுத்து இப்போது நாக்கில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் போனதும், விற்பனையைப் பார்த்துவந்த மனைவியின் தம்பி வேகமாகக் கணக்குப் போட்டான்.

"மாமா, நீங்க வாயைத் திறக்காதீங்க. வாத்தை எடுத்துட்டு ரோஜாப்பூ போடுவோம். கொஞ்சம் சென்ட் ஊத்துவோம். அதே சரக்கு, புதுப் பேரு. யாருக்குத் தெரியும்?"

"அப்ப அந்தப் பொண்ணு கை?"

"கைக்கு மருந்து இருக்கு மாமா. பேரு போனா அதுக்கு என்ன மருந்து?"

எண்ணெய் அளந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "அப்ப இனிமே இவரை ரோஜாக்காரர்னு கூப்பிடணுமா? மூஞ்சியைப் பாத்துட்டுச் சொல்லுடா."

வாத்துக்காரர் கரிக்கட்டியால் தம் கைப்படவே ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினார்: 'இந்தத் தடவ வாத்து காரம். தேச்சதையும் கொண்டு வாங்க. முழுக் காசு.' எழுத்துப்பிழையைப் பார்த்துச் சிரித்தவர்களும் வரிசையில் நின்றார்கள். தேய்ந்த கட்டியில் வாத்து ஏது? ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். இரண்டு கட்டி வேறு யாரோ செய்தவை என்று நாக்கு சொன்னது. வரிசை பார்த்துக்கொண்டிருந்ததால் அவற்றுக்கும் கொடுத்தார்.

மைத்துனன் தலையிலடித்துக்கொண்டு, திரும்பி வந்த சரக்கில் பாதியைத் தன் பங்காக வாங்கிப்போய்த் தனிக்கடை போட்டான். ரோஜா கமகமவென்று வந்தது. தேய்த்த கையெல்லாம் எரிந்தது. பிறகு அவன் நல்ல சரக்கே போட்டும் யாரும் தொடவில்லை. நான்கே மாதத்தில் கடைக்குப் பூட்டு.

வாத்துக்காரரோ ஒரு மாதம் முழுக்க ஆறவைத்த புதுச் சரக்கோடும் பணத்தோடும் ஓட்டலுக்குப் போனார். கை ஆறி வேலை பார்த்துக்கொண்டிருந்த அவள் பணத்தைப் பார்க்கவேயில்லை.

"காசு இருக்கட்டும்ணே. இந்தப் புது சோப்புல முதல்ல நீங்க தேய்ங்க."

"நானா?"

"எனக்கும் முதல் நாள் எரியல. எட்டு நாள் தேய்ங்க, பாப்போம்."

ஆறு பேருக்கு முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தார். பேருந்துக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "என்ன வாத்துக்காரரே, தண்ணியில எறங்கிட்டீங்க?" என்று ஒருவன் கேட்டான். "வாத்து வேற எங்கடா எறங்கும்?" என்றார் அவர். எட்டு நாளும் அவர் தேய்த்த தட்டில் ஒரு பொட்டுப் பிசுக்கு இருந்ததில்லை. ஐந்தாம் நாளே அந்தப் பெரிய கடைக்காரர் குழாயடிக்கு வந்து நூறு கட்டி கேட்டார். விழுந்த கம்பெனி எப்படி எழுந்தது என்று இப்போது தடித்தடியாகப் புத்தகம் போடுகிறார்கள். அவரைக் கேட்டிருந்தால் அந்தக் குழாயடியைக் காட்டியிருப்பார்.

எட்டாம் நாள் சாயங்காலம் அவள் அவர் கைகளைப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். விரலிடுக்கைக்கூட விடவில்லை.

"சரிண்ணே" என்று தன் கையைத் துடைத்து நீட்டினாள். புதுத்தோல் வெளிறிப்போய் வழவழவென்றிருந்தது. பன்னிரண்டு சோப்பின் விலையை முதலிலும், எட்டு நாள் கூலியை ஒவ்வொரு நாளாகச் சொல்லியும், அந்த உள்ளங்கையில் அவர் எண்ணி வைத்தார்.