குலுக்காத குடுவை

ஒரு சாண் நீளப் பித்தளைக் குழாய்; இரு முனையிலும் வட்டக் கண்ணாடி. ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்க்கரைச் சோதனைக்கூடத்தை மூடியபோது நான் கேட்டு வாங்கிவந்தது இது ஒன்றுதான். அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்த ஆய்வாளர் காலமாகிவிட்டாராம். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்கிறார்கள் அவர் வீட்டார். எனக்கு அவரைப் பிடிக்காது.

ஒரே தளத்தில் அதிரும்படி வடித்தெடுத்த ஒளியை, இந்தக் குழாயில் நிரப்பிய சர்க்கரைநீருக்குள் விட்டால் அந்தத் தளம் வலப்பக்கம் திரும்பும். எவ்வளவு சர்க்கரையோ அவ்வளவு திருப்பம். குழாயைப் பொருத்தும் கருவியின் பார்வைக் கண்ணாடியில் தெரியும் வட்டத்தின் இரண்டு பாதியும் ஒரே வெளிச்சத்துக்கு வரும்வரை திருகைத் திருப்பி அளவைப் படிப்போம். ஆனால் நீர் சீராகக் கலந்திருக்கவேண்டும். ஓரிடம் கெட்டியாகவும் ஓரிடம் நீர்த்தும் கிடந்தால் ஒளியும் ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் திரும்பும், பாதிகள் ஒத்துவராது. ஆய்வாளரோ குடுவையிலுள்ள வெல்லப்பாகின்மேல் அளவுக்கோடுவரை தண்ணீர் ஊற்றிவிட்டுக் குடுவையைக் குலுக்கவே மாட்டார். குலுக்கினால் குமிழி வரும். அது அடங்கும்வரை காத்திருக்க அந்த மனிதருக்குப் பொறுமை கிடையாது.

கூமாப்பட்டி விவசாயி ஒருவரின் வெல்லத்தில் மாவு கலந்திருப்பதாக ராஜபாளையத்து வியாபாரிகள் சந்தேகப்பட்டுச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவரும் கூடவே வந்து வாசலில் நின்றார். மேலாக இருந்த நீர்த்த பாகத்தைக் குழாயில் ஊற்றி, மங்கிக் குழம்பிய வட்டத்தைப் பார்த்து, ஆய்வாளர் குத்துமதிப்பாகக் குறைந்த ஓர் அளவைச் சொன்னார்.

"சாமி, பாகு அடியில தங்கி நிக்கி. ஒருவாட்டி கலக்கிட்டுப் பாருங்க" என்றார் விவசாயி.

"கொப்பரை கிண்டுறவன் எனக்குப் பாடம் சொல்லுதியாலே? வெளிய நில்லு."

மாவு கலந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். நான் குழாயில் இருந்ததையும் குடுவையில் ஊற்றிக் குலுக்கி, குமிழி அடங்கியபின் பார்த்தேன். இரண்டு பாதியும் அழகாக ஒத்துவந்தன. நல்ல வெல்லத்துக்கு உரிய அளவு. திரும்பி வந்தவரிடம் சொன்னேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குடுவையையும் குழாயையும் முற்றத்தில் கவிழ்த்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சு. போய் வேலையைப் பாரு."

சற்று நேரத்தில் அந்த ஈரத்தை எறும்பு மொய்த்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த விவசாயி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவிய கெடக்காவ. நீங்க கலக்கிப் பாத்தியளா?"

இல்லை என்றேன். எனக்கு என் வேலை பெரிதாக இருந்தது. அடுத்த தை மாதம் அவருடைய கரும்பாலை ஓடவில்லை. ராஜபாளையம் சந்தையில் அவருக்கு மாவுக்காரர் என்றே பெயராகிவிட்டது.

குழாய் இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. கேட்டவர்களுக்கு நான் எழுதிய இதைத்தான் அனுப்பப்போகிறேன். கலக்கிப் பார்த்தேன் ஐயா. சுத்தமான வெல்லம்.