வெறுமையாகப் போகாத டின்

லண்டன் மேனர் பார்க் ஸ்டேஷனில் மேற்கே போகும் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். பெஞ்சில் பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. மடியில் பழைய பிஸ்கட் டின். மூடியையும் மீறி வெண்ணெய் மணக்கிறது. என் மூக்கு போகிற திசையைப் பார்த்துவிட்டார்.

“பட்டர் கேக், தம்பி. மச்சாளுக்குக் கொண்டு போறன். போன மாதம் அவ இதே டின்னிலை ரிச் கேக் தந்தவ. வெறும் டின்னைத் திருப்பிக் குடுக்க ஏலாதெல்லோ?”

“எவ்வளவு நாளா இப்படி?”

“பதினொரு வருஷம். இப்ப ரெண்டு பேருக்கும் சீனி வருத்தம், டயபிட்டீஸ். ஆனா முதல்லை நிப்பாட்டுறது ஆர்?”

நான் எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்கிறார். வெஸ்ட் ஈலிங்கில், நண்பன் வீட்டில் என்கிறேன். அவர் முகம் மலர்கிறது.

“மச்சாளும் அங்கைதான்!”

பேனாவை எடுத்து மூடியில் விலாசம் எழுதுகிறார். ரயில் வந்து நான் ஏறியதும் டின்னை என் கையில் திணிக்கிறார்.

“கேக்கை நீங்கள் சாப்பிடுங்கோ. டின்னை மட்டும் அவவிட்டைக் குடுத்துவிடுங்கோ.”

“வெறும் டின்னையா?”

கதவு மூடிக்கொள்கிறது. பிளாட்பாரத்தில் நின்று உற்சாகமாகக் கையாட்டுகிறார்.

எனக்கு உப்புமா மட்டும்தான் செய்யத் தெரியும்.