கணக்குக்கு வெண்டைக்காய்

வெண்டைக்காய் தின்றால் மூளை வளரும், கணக்கு வரும் என்பதில் எங்கள் ஜனங்களுக்குச் சந்தேகமே கிடையாது. பரீட்சை நெருங்கினால் மாதுங்காவில் எங்கள் கட்டடத்தின் எல்லா வீடுகளிலும் வெண்டைக்காய்தான். எனக்கோ கணக்கு சுட்டுப்போட்டாலும் வராது. அதனால், யுத்த காலத்தில் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் மட்டும் தினமும் வெண்டைக்காய் வாங்கியபோது, அது என் பொருட்டுத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மார்க்கெட்டில் அம்மா ஒவ்வொரு காயாக நுனியை ஒடித்துப் பார்ப்பாள். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். முற்றலெல்லாம் மூக்கறுபட்டுக் கூடைக்கே திரும்பும். "தோடோ மத், பாயி" என்று காய்க்காரன், ஒடிக்க வேண்டாமென்று கெஞ்சித் தலையில் அடித்துக்கொள்வான். அம்மா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அப்பாவுக்கும் அந்த வருஷம் ஒரு சோதனை இருந்தது. கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் தற்காலிகக் கணக்கு குமாஸ்தாவாக இருந்தார். கம்பெனி டாக்டர் பார்த்துச் சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பாலக்காட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். கணக்கு குமாஸ்தாவை டாக்டர் கணக்குக் கேட்டுத்தான் சோதிப்பார் என்று நான் முடிவு செய்திருந்தேன். அதனால்தான் அம்மா ராத்திரி வெண்டைக்காயைக் கீறித் தண்ணீரில் போட்டு, காலையில் அந்தக் கொழகொழ ஜலத்தை அவருக்குக் கொடுக்கிறாள் என்றும் நினைத்தேன். அப்பா காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. ரேஷன் சர்க்கரையில் தன் பங்கையும் எனக்கு விட்டுக்கொடுக்கிறாரே என்று பெருமையாக இருக்கும்.

ஒருநாள் காலை மாடி மாமி உறைமோர் கேட்டு வந்தாள். அவள் அகத்துக்காரர் அப்பாவின் கம்பெனியிலேயே பெரிய குமாஸ்தா. அப்பா கையில் டம்ளர் இருந்தது. மாமி எட்டிப் பார்த்தாள்.

"வெண்டைக்கா ஜலமா? எங்க சித்தப்பாவும் இதைத்தான் குடிப்பார், நீரிழிவுக்கு" என்றாள்.

நீரிழிவு என்ற வார்த்தையை அன்றுதான் நான் முதலில் கேட்டேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"கொழந்தைக்கு மாமி. கணக்கு வரலையே. குடிக்கமாட்டேன்னு அடம் பிடிக்கறா, அதான் அவர் கையில வெச்சுண்டு கெஞ்சிண்டிருக்கார்."

நான் அடமே பிடிக்கவில்லை. என்னை யாரும் குடிக்கச் சொல்லவும் இல்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

"குடிச்சுடும்மா" என்றார்.

அந்தக் குரலில் அப்பா என்னிடம் எதையும் கேட்டதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். தொண்டையில் இறங்காமல் வழவழவென்று நின்றது. குமட்டலை அடக்கிக்கொண்டு முழுவதையும் விழுங்கி, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"சமத்து. எங்காத்துப் பிள்ளைக்கும் நாளைலேர்ந்து குடுக்கறேன்" என்று சொல்லி மாமி மோரை வாங்கிக்கொண்டு போனாள். அதன்பின் அந்தப் பையன் மாடிப்படியில் என்னைப் பார்த்தால் முறைப்பான்.

அப்பாவை டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார். வெண்டைக்காய் செய்த வேலையா, அப்பா கிடந்த அரைப்பட்டினியா, தெய்வச் செயலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதே வாரம் என் பரீட்சை முடிவும் வந்தது. கணக்கில் வழக்கம்போல் கோட்டை விட்டிருந்தேன்.

அம்மா திட்டவே இல்லை. அப்பா சாயங்காலம் ஜிலேபி வாங்கி வந்தார். எனக்கு ஊட்டிவிட்டு, பாகு ஒட்டிய விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கணக்குல ஃபெயிலானதுக்கு எதுக்குப்பா ஜிலேபி?" என்று கேட்டேன்.

"நீ பாஸ்டி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

கணக்கு குமாஸ்தாவாக இருந்தும் அப்பாவுக்கு மார்க் பார்க்கத் தெரியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.