இருநூற்று ஐம்பத்தாறு பாக்கெட்

சேதுபதி திருப்புல்லாணியில், தன் வீட்டு மாடியறையில் இருந்தபடியே பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்த்தான். ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகளைத் தனித்தனியே இயங்கவைப்பார்கள். அவற்றுக்கு நெட்வொர்க் கொடுக்கும் டிரைவர் என்ற மென்பொருள் அவன் எழுதியது. பதினோரு வருடமாக அதில் அவன் வைத்ததுதான் சட்டம். துண்டு துண்டாக வரும் தகவலை பாக்கெட் என்பார்கள்; அவை காத்திருக்கும் வரிசையில் இருநூற்று ஐம்பத்தாறுக்குத்தான் இடம். அதற்குமேல் சேர்ந்தாற்போல் வந்தால் சத்தமில்லாமல் விழுந்து தொலைந்துவிடும். அந்த எண்ணை வெளியிலிருந்து மாற்ற அவன் வழி வைக்கவில்லை.

மாசியில் தஸ்னீம் என்ற பெண் மூன்று முறை எழுதினாள். ராமநாதபுரத்தில் அந்த டிரைவரைப் பயன்படுத்தும் ஒரு கண் மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். மதுரை டாக்டரோடு நோயாளிகள் திரையில் பேசும்போது குரல் அறுந்துபோகிறது, வரிசையின் அளவை நாங்களே கூட்டிக்கொள்ள வழிசெய்யுங்கள் என்று கேட்டிருந்தாள். எத்தனை பாக்கெட் விழுந்தன என்ற பட்டியலையும் இணைத்திருந்தாள். சேதுபதி அதைத் திறக்கவே இல்லை. மூன்று முறையும் ஒரே பதில்: கோளாறு உங்கள் கேபிளில்.

ஆனியில் அம்மா சண்முகவள்ளிக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, அதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். திரையில் டாக்டர், "சொட்டு மருந்த நிறுத்த..." என்றார். குரல் நின்றது. பிறகு, "அடுத்த மாசம் வாங்க" என்பது மட்டும் கேட்டது.

"நிறுத்தச் சொல்றாருப்பா" என்றாள் அம்மா.

பக்கத்தில் நின்ற பெண் திரையில் வந்த மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னாள்: "நிறுத்த வேண்டாம்னு சொன்னாரும்மா. இப்புடித்தான் பாதிப் பேச்சு விழுந்துருது."

"கேபிளப் பாத்தீங்களா?" சேதுபதிக்கு வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டு தடவ மாத்தியாச்சு சார். டிரைவர் கம்பெனில கேபிள்தான்னு சாதிச்சுட்டாங்க. கேபிள் போட்ட அஜீஸ் பாயை நிர்வாகம் வேலைய விட்டு நிறுத்திருச்சு. பதினாலு வருசம் இங்கன இருந்த மனுசன்."

அவள் கழுத்து அட்டையில் தஸ்னீம் என்றிருந்தது. மாசியில் மூன்று முறை எழுதியவள். அந்தக் கம்பெனிக்காரன் நான்தான் என்று சொல்லாமலே, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து அவள் பட்டியலைத் திறந்தான். மூன்றாவது வரியிலேயே எல்லாம் இருந்தது: வரிசை நிறைந்ததால் விழுந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை. சோதனைக்குத் தன் கணினியில் பாக்கெட்டுகளை அள்ளிவிட்டுப் பார்த்தான். அவள் சொன்னபடியே விழுந்தன.

நான்கு நாள் உட்கார்ந்து மாற்றி எழுதினான். அனுப்பும் வரிசை, வாங்கும் வரிசை இரண்டின் அளவையும் பயன்படுத்துகிறவர்களே குறித்துக்கொள்ளலாம். குறிக்காதவர்களுக்குப் பழைய அளவே நிற்கும். புதிய பதிப்போடு போகும் மாற்றக் குறிப்பில், 'வாடிக்கையாளர் மூன்று முறை சொன்னார், நான் படிக்கவில்லை' என்று எழுதினான். இரண்டு முறை அழித்தான். பிறகு எழுதியபடியே அனுப்பிவிட்டான்.

தஸ்னீம் அளவை இரண்டாயிரத்து நாற்பத்தெட்டாக வைத்தாள். குரல் அறுபடவில்லை. 'மிக்க நன்றி சார்' என்று எழுதியிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

விலாசம் விசாரித்துக் கீழக்கரையில் அப்துல் அஜீஸ் வீட்டுக்குப் போனான். நடந்ததைச் சொன்னான்.

"எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய?" என்றார் அவர். "கேபிளு சரியா இருக்குன்னு எனக்குத் தெரியும். அங்கன வந்து, எல்லாரும் இருக்கையில சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை மருத்துவமனையில், நர்சுகளும் கணக்கரும் மேலாளரும் நிற்க, கோளாறு தன் டிரைவரில்தான் இருந்தது என்று சேதுபதி சொன்னான். அஜீஸ் கதவோரம் நின்றார்.

"டெக்னிக்கல் விசயந்தான சார், விடுங்க" என்றார் மேலாளர்.

"டெக்னிக்கல் இல்ல சார். படிக்காமப் பதில் போட்டேன். பழி பாய் மேல விழுந்துருச்சு."

அடுத்த வாரமே அஜீஸைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆடியில் அம்மாவைக் கூட்டிப்போனபோது அவரே எதிரில் வந்தார். அம்மாவைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, "சொட்டு மருந்து விடாம ஊத்துறீகளா?" என்று விசாரித்தார். சேதுபதி வணக்கம் சொன்னான். அவர் தலையசைத்தார், முகம் பார்க்கவில்லை. அவனும் அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை.